உழைத்த தசையின் ருசி

கறிக்கடைக் குளிர்பெட்டியின் முன்னால் நின்று, ஆறு கிலோ மாட்டு நெஞ்சுக்கறி ஒன்றை உறையோடு எடுங்கள். நடுவில் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். இரண்டு முனையும் ஈரத்துண்டு போலத் தொங்கினால் கூடையில் போடலாம். பலகை மாதிரி விறைத்து நின்றால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். டெக்சஸில் வாரக் கடைசியில் புகையடுப்பு மூட்டுகிறவர்கள் பலரும் செய்து பார்க்கிற சோதனை இது. கெட்டிக் கொழுப்பு குறைவாகவும், தசைக்குள்ளேயே இழையோடும் கொழுப்பு கூடுதலாகவும் இருக்கிற துண்டு வளைந்து கொடுக்கும். அதிகக் குளிரில் கிடந்த எந்தக் கறியும் விறைப்பாகத்தான் இருக்கும் என்பதால், ஒரே பெட்டியில் பக்கம் பக்கமாகக் கிடப்பவற்றைத்தான் ஒப்பிட வேண்டும்.

சென்னையில் பார்பிக்யூ என்றால் மேசை நடுவே கரியடுப்பும் கம்பியில் கோத்த துண்டுகளும் நினைவுக்கு வரும். அமெரிக்கத் தெற்கில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே பெரும்பாலும் கறி நெருப்புக்கு நேர் மேலே இருக்காது. ஒரு பக்கம் விறகு எரியும். மறுபக்கம், மூடிய பெட்டிக்குள், 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் சூட்டில், கறி புகையோடு மணிக்கணக்காகக் கிடக்கும். மென்மையான, விலை கூடிய கறிக்கு இந்த வைத்தியம் தேவையே இல்லை. ஒருவரும் கேட்டு வாங்காத துண்டுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்தவர்களின் சமையல் இது. அதனால், புகைக்கறியை ரசிக்கப் பழகுவது கடையில் கறியைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

எனக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை புரிந்தது. ஊரில் ஆட்டுக்கறி வாங்கும்போது "கொழுப்பில்லாமப் போடுங்க" என்று கேட்டுப் பழகிய கண்ணோடு, கொழுப்பெல்லாம் சீவிச் சுத்தமாக அடுக்கியிருந்த நெஞ்சுக்கறியின் மெல்லிய பாதியை வாங்கி வந்திருந்தேன். பத்து மணி நேரம் புகையில் வைத்தேன். வீட்டுக்கு நான்கு குடும்பங்கள் வந்திருந்தன. வெட்டினால் மரத்தூள் போல உதிர்ந்தது. எல்லாரும் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர், அமெரிக்கத் தெற்கிலேயே பிறந்து வளர்ந்தவர், ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கொழுப்பை யார் சீவச் சொன்னது?" அடுத்த சனிக்கிழமை அவரே என்னைக் கறிக்கடைக்கு அழைத்துப் போனார். தூக்கிப் பார்க்கிற வித்தை அவர் கொடுத்தது.

மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னுடம்பின் பாரத்தை நெஞ்சுத் தசைகள்தான் தாங்கியாக வேண்டும். நின்றாலும் நடந்தாலும் படுத்து எழுந்தாலும் அவற்றுக்கு வேலை உண்டு. வேலை செய்கிற தசையைச் சுற்றிலும் உள்ளேயும் சவ்வு தடிக்கும். அந்தச் சவ்வின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். முதுகெலும்பின் அடியில் ஒட்டிக்கொண்டு அதிகம் அசையாமல் கிடக்கிற தசையில் சவ்வு குறைவு. பல் வைத்ததும் கரையும். ஆகவே விலை அதிகம். நெஞ்சு, தோள், கழுத்து, கன்னம், முன்னங்கால் எல்லாம் நாள் முழுக்க உழைத்தவை. அவசரமாக வறுத்தால் ரப்பர். அவை விலை மலிந்ததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் கொலாஜனுக்கு இன்னொரு குணம் உண்டு. கறியின் உட்புறம் 70 டிகிரியைத் தாண்டி அங்கேயே நீண்ட நேரம் நின்றால், அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. இது நமக்குப் புது விஷயம் இல்லை. அப்பா ஞாயிறு காலையில் கறிக்கடையில் நின்று, "பாய், நெஞ்செலும்பு ரெண்டு துண்டு சேர்த்துப் போடுங்க" என்று கேட்டது இதற்காகத்தான். ஆட்டுக்கால் பாயா குடித்த பிறகு உதடு ஒட்டுகிறதே, அந்தப் பசைதான் ஜெலட்டின். பாயாவில் அது சாற்றில் இறங்கிவிடுகிறது. புகையடுப்பில் பெருமளவு கறிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நல்ல புகைக்கறியைக் கடிக்கும்போது வருகிற வழவழப்பில் சாறு பாதி என்றால் இது பாதி.

டெக்சஸின் நடுப்பகுதியில், ஆஸ்டினுக்குத் தெற்கே லாக்ஹார்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் குடியேறியவர்கள் அந்த வட்டாரத்தில் கறிக்கடைகள் நடத்தினார்கள். குளிர்பெட்டி இல்லாத காலம். விற்காமல் மிஞ்சியதைப் புகையில் போட்டால் சீக்கிரம் கெடாது. பருத்தி எடுக்க வந்த கூலிக்காரர்கள் அந்தக் கறியை எடை போட்டு வாங்கி, பொட்டலம் கட்டும் காகிதத்தின் மேலேயே வைத்துத் தின்றார்கள். 1900-இல் தொடங்கிய க்ரைட்ஸ் மார்க்கெட்டும், 1932-இல் தொடங்கிய பிளாக்ஸும் இன்றும் அங்கே இருக்கின்றன. இன்றும் காகிதத்தில்தான் கறி வருகிறது. அமெரிக்கத் தெற்கில் இந்த அடுப்புகளின் வேலை நுணுக்கத்தை வளர்த்ததில் பெரும்பங்கு கறுப்பின மக்களுடையது. அடிமைக் காலத்தில் பெரிய விருந்துகளுக்குக் குழி வெட்டி, இரவெல்லாம் கண் விழித்து, முழுப் பன்றியையும் மாட்டையும் சுட்டவர்கள் அவர்கள். இதைச் சொல்லாமல் அந்த ருசியைப் பற்றிப் பேசுவது நியாயம் ஆகாது.

லாக்ஹார்ட்டின் பழைய அடுப்புகளில் மாட்டின் தோள்பட்டைக் கறிதான் முக்கியமாகக் கிடந்தது. நெஞ்சுக்கறி மேலே வந்தது பிற்பாடு. 1960-களில் பெரிய ஆலைகள் மாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பெட்டியில் அடைத்து அனுப்பத் தொடங்கின. கடைக்காரர் முழு முன்பகுதியை வாங்க வேண்டிய கட்டாயம் போயிற்று. எது மலிவோ அதை மட்டும் வரவழைக்கலாம். நெஞ்சுக்கறி அப்படித்தான் டெக்சஸின் அடையாளமாயிற்று. புகழ் வந்ததும் விலையும் ஏறியது. இன்று அதை ஏழையின் கறி என்று சொன்னால் கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இதே கதை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. தெற்கு டெக்சஸின் பண்ணைகளில் வேலை செய்த மெக்சிக்கத் தொழிலாளிகளுக்குத் தலையும் தோலும் வயிற்றோரத்து மெல்லிய தசையும் கூலியின் ஒரு பகுதியாகப் போகும். அந்தத் தசையைச் சுட்டு ரொட்டியில் சுருட்டியதுதான் ஃபஹீட்டா. 1973-இல் ஹூஸ்டனில் நின்ஃபா லாரன்சோ உணவகம் திறந்து அப்படிச் சுட்ட கறியைப் பரிமாறினார். 1980-களில் அது நாடெங்கும் பரவியது. அந்தத் துண்டின் விலை மளமளவென்று ஏறியது. கான்சாஸ் சிட்டியில் ஆர்தர் பிரயன்ட் கடையில், நெஞ்சுக்கறி வெட்டும்போது உதிரும் கருகிய முனைகளைப் பலகையோரம் ஒதுக்கி வைப்பார்களாம், வரிசையில் நிற்கிறவர்கள் காசில்லாமல் எடுத்துத் தின்னலாமாம். கால்வின் டிரில்லின் என்ற எழுத்தாளர் 1972-இல் அதைப் பற்றி எழுதினார். இப்போது அந்தக் கருகல் முனைகளுக்கென்றே தனி விலை.

அதனால்தான் பெயரை நம்பி வாங்க வேண்டாம் என்கிறேன். எந்தப் பெயர் இந்த வருஷம் மலிவு என்பது மாறிக்கொண்டே இருக்கும். மாறாமல் இருப்பது கறியின் உடம்பு. அதைப் பார்க்கக் கண்ணைப் பழக்கினால் போதும். வெட்டிய முகத்தில் வெள்ளை நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றனவா? தசைக்கும் தசைக்கும் நடுவில் சவ்வு தெரிகிறதா? விரலால் அழுத்தினால் அமுங்குகிறதா? உறைக்குள் சிவப்பு நீர் நிறையத் தேங்கியிருக்கிறதா? அப்படித் தேங்கியிருந்தால் அது பல நாள் கிடந்திருக்கலாம், உறைந்து உருகியும் இருக்கலாம். சவ்வும் கொழுப்பும் சேர்ந்திருந்தால் வாங்கலாம். மாட்டின் பின்தொடைக் கறியும் விலை குறைவுதான். ஆனால் அதில் கொழுப்பு அரிது. நீண்ட நேரப் புகையில் அது காய்ந்துபோகும். அதைக் கொத்துக்கறிக்கு விட்டுவிடுங்கள்.

முதல்முறை அடுப்பு மூட்டுகிறவருக்கு நான் கை காட்டுவது பன்றித் தோள். எலும்போடு மூன்றரை, நான்கு கிலோ இருக்கும். உள்ளே கொழுப்பும் சவ்வும் தாராளம். சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் பொறுத்துக்கொள்ளும். அமெரிக்கக் கடையில் பன்றிக்கறி வாங்கும்போது சீட்டைப் படியுங்கள். உப்புநீர் ஏற்றிய கறி என்றால் எத்தனை சதவீதம் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். தண்ணீருக்குக் கறி விலை கொடுக்கிறோம் என்பது ஒன்று. மசாலா தடவும்போது உப்பு கூடிப்போகும் என்பது இன்னொன்று.

விலையைக் கணக்குப் போடும்போது தட்டில் விழுவதைத்தான் எண்ண வேண்டும். உதாரணத்துக்கு, நெஞ்சுக்கறி ராத்தல் (பவுண்டு) 4 டாலர், 14 ராத்தல் வாங்குகிறீர்கள், 56 டாலர். சீவும்போதும் வேகும்போதும் ஏறக்குறைய பாதி போய்விடும். சாப்பிடக் கிடைப்பது ஏழு ராத்தல், ஆக ராத்தல் 8 டாலர். பன்றித் தோள் ராத்தல் 2 டாலர், 8 ராத்தல், 16 டாலர். எலும்பும் உருகின கொழுப்பும் போக நாலரை ராத்தல் மிஞ்சினால், ராத்தல் மூன்றரை டாலர் சொச்சம். அதே கணக்கில் விலா எலும்பைப் பாருங்கள். முதுகோரத்துச் சின்ன விலாவுக்கு விலை அதிகம், கறி குறைவு. வயிற்றுப் பக்கத்துப் பெரிய விலாவில் கொழுப்பும் குருத்தெலும்பும் உண்டு, விலையும் தணிவு. அதைச் சதுரமாக நறுக்கும்போது விழுகிற குருத்தெலும்புத் துண்டுகளைச் சிகாகோவின் தெற்குப் பகுதியில் தனியாகப் புகைத்து விற்கிறார்கள். மொறுக்மொறுக்கென்று கடித்துத் தின்ன எனக்கு அதுதான் பிடிக்கும்.

மாட்டின் கழுத்தை ஒட்டிய தோள்கறி, ஒன்றரை கிலோத் துண்டாகக் கிடைக்கும். ராத்தலுக்குப் பார்த்தால் சில சமயம் நெஞ்சுக்கறியைவிடக் கூடவே இருக்கும். ஆனால் நான்கு பேர் வீட்டுக்கு ஆறு கிலோ எதற்கு? ஏழெட்டு மணி நேரத்தில் ஆகிவிடும். கன்னக்கறி கிடைத்தால் விடாதீர்கள். மாடு நாள் முழுக்க அசைபோடும் தசை அது. மெக்சிக்க எல்லையில் பிரவுன்ஸ்வில் என்ற ஊரில், வேரா குடும்பத்தார் 1955 முதல் மாட்டுத்தலையை மெஸ்கிட் விறகின் தணலோடு மண் குழியில் இரவு முழுவதும் புதைத்துச் சமைக்கிறார்கள். தலைக்கறியின் அருமை தெரிந்த தமிழர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

லெக்சிங்டன் என்ற இன்னொரு டெக்சஸ் சிற்றூரில் ஸ்னோஸ் என்ற கடை சனிக்கிழமை மட்டும் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. அங்கே அடுப்பைக் கவனிக்கிற டூட்சி டொமனெட்ஸ் 1935-இல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டே வாரக் கடைசியில் கறி சுட்டவர். நெஞ்சுக்கறியோடு, பன்றித் தோளை எலும்போடு வில்லையாக அறுத்து, தணலுக்கு நேர் மேலே உயரத்தில் வைத்து, மேலே சாறு தெளித்துத் தெளித்துச் சுடுகிற துண்டும் அந்தக் கடையில் பேர்போனது. வீட்டில் செய்வதற்கு அதுதான் சுலபம். முழுத்தோளை வாங்கிக் கடையிலேயே வில்லையாக அறுத்துத் தரச் சொன்னால் இரண்டு மூன்று மணி நேரத்தில் சாப்பாடு தயார்.

மாடும் பன்றியும் வேண்டாதவர்கள் உண்டு. அவர்களுக்குக் கென்டக்கியில் ஓவன்ஸ்பரோ என்ற ஊரைச் சொல்ல வேண்டும். 1816-இல் அமெரிக்க அரசு வெளிநாட்டுக் கம்பளிக்கு வரி போட்டது. உள்ளூரில் செம்மறி வளர்ப்பது லாபமாயிற்று. கம்பளி தந்து முடித்த கிழட்டு ஆட்டை என்ன செய்வது? ஹிக்கரி விறகில் மணிக்கணக்காகப் புகைத்தார்கள். கொச்சை வாடையை அடக்க, கறுத்த, புளிப்பான, நீர்த்த சாறு ஒன்றைப் பூசினார்கள். இன்றைக்கும் அந்த ஊரில் பார்பிக்யூ என்றால் முதலில் ஆட்டுக்கறிதான். டெக்சஸின் நடுவே பிரேடி என்ற ஊரில் 1974 முதல் வெள்ளாட்டுக் கறி சுடும் போட்டி செப்டம்பர் தொடக்கத்தில் நடக்கிறது. ஆட்டின் முன்சப்பை, கழுத்து இரண்டும் புகைக்கு ஏற்றவை. கோழியில் நெஞ்சை விட்டுவிட்டுத் தொடையோடு சேர்ந்த காலை வாங்குங்கள். கோழியை மட்டும் கொஞ்சம் கூடுதல் சூட்டில், 150 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்தால் தோல் ரப்பராகாது. எலும்போரத்தில் 74 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். தொடைக்கு 80 தாண்டினால் இன்னும் நல்லது.

விறகைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்க் கண்மாய்களை ஆக்கிரமித்த சீமைக் கருவேலமும், டெக்சஸின் மெஸ்கிட்டும் நெருங்கிய உறவு. இரண்டும் உக்கிரமாக எரியும். இரண்டின் புகையும் காரம். பன்னிரண்டு மணி நேரம் அந்தப் புகையில் கிடந்தால் கறி கசந்துபோகும். அதனால் நீண்ட சமையலுக்கு நடு டெக்சஸ்காரர்கள் ஓக் விறகைத்தான் நம்புகிறார்கள். சீமைக் கருவேலத்தைக் கரியாக்கி எரித்தால் அந்தக் காரம் அடங்கிவிடும். தமிழ்நாட்டில் கரிமூட்டக் கரி வாங்கிச் சூட்டுக்கு வைத்துக்கொண்டு, வாசத்துக்குக் காய்ந்த கொய்யாக் கட்டையோ மாங்கட்டையோ ஒன்றிரண்டு போட்டால் போதும். கொய்யா விறகில் புகைப்பது ஹவாயில் வழக்கம். பச்சை விறகும் வண்ணம் பூசிய பலகையும் கூடாது. புகை வெள்ளையாகத் திரண்டு வந்தால் காற்றுவழியைத் திறந்து விடுங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாய் இழையோடுகிற புகையே கறிக்கு நல்லது.

கறியின் உட்சூடு 65 டிகிரியைத் தாண்டியதும் வெப்பமானியின் முள் நகராமல் நின்றுவிடும். ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி நேரம்கூட. புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் பதறி நெருப்பைக் கூட்டுகிறார்கள். கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் தண்ணீரில் நனைத்த பஞ்சு ஒன்றையும் கொழுப்புக் கட்டி ஒன்றையும் அடுப்பில் வைத்துப் பார்த்தார். பஞ்சின் சூடு நின்றது. கொழுப்பின் சூடு நிற்காமல் ஏறியது. வியர்வை காயும்போது நம் உடம்பு குளிர்வது போல, ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விக்கிறது. பொறுத்திருக்கலாம். அல்லது மேலே கருநிறப் பொருக்கு பிடித்த பிறகு, மெழுகு பூசாத பழுப்புக் காகிதத்தில் சுற்றிவிடலாம். 93 டிகிரிக்கு அருகே கம்பியைச் செருகிப் பாருங்கள். வெந்த சேப்பங்கிழங்கில் இறங்குவது போல வழுக்கிக்கொண்டு இறங்கினால் ஆயிற்று. இறக்கியதும் வெட்டக் கூடாது. மூடி வைத்து ஒரு மணி நேரமாவது ஆற விடுங்கள்.

இனி தட்டு. முதல் வாயைக் குழம்பில் தோய்க்காமல் சாப்பிடுங்கள். நெஞ்சுக்கறியை இழைக்குக் குறுக்கே பென்சில் தடிமனுக்கு வெட்டி, ஒரு துண்டை விரலின் மேல் போடுங்கள். இரு பக்கமும் மடிந்து தொங்க வேண்டும், அறுந்து விழக் கூடாது. இரு முனையையும் பிடித்து லேசாக இழுத்தால் பிரிய வேண்டும். தானாகவே நொறுங்கினால் வெந்தது அதிகம், இழுக்கப் பலம் தேவைப்பட்டால் வெந்தது போதாது. ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையத்தைப் பார்த்துப் பச்சையாக இருக்கிறதோ என்று பயப்பட வேண்டாம். புகையில் உள்ள வாயுக்கள் கறியின் நிறமியோடு சேர்ந்ததால் வந்த நிறம். அழகுதான், ருசி அதில் இல்லை. ருசி வெளிப்புறக் கருநிறப் பொருக்கில் இருக்கிறது. மிளகும் உப்பும் கொழுப்பும் புகையும் ஒன்றோடொன்று பிடித்துப்போன அந்த அரை விரல் ஓரத்தை முதலில் முன்பல்லால் கடியுங்கள். பிறகு உள்பக்கம். மிளகின் காரம் முதலில் வந்து, கொழுப்பின் இனிப்பு நடுவில் விரிந்து, விழுங்கிய பிறகு தொண்டையில் புகை நிற்கும். கடைசியில் உதடு ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

போன மாதம் ஆட்டுக் கழுத்து ஒன்றை முழுசாக வாங்கி வைத்தேன். உப்பு, கரகரப்பாகப் பொடித்த மிளகு, கொஞ்சம் இடித்த பூண்டு. நான்கு மணி நேரம் புகை. அதன் பின் இரட்டைத் தாளில் இறுக்கிச் சுற்றி மூன்று மணி நேரம். வெள்ளாட்டுக்கு மேல்கொழுப்பு மிகக் குறைவு என்பதால் இந்தச் சுற்றல் கட்டாயம். எடுத்துப் பார்த்தபோது கழுத்தெலும்புகள் கையோடு கழன்று வந்தன, ஒட்டிய கறி இல்லாமல் வெள்ளையாக. தாளைப் பிரிக்கும்போது கவனம், அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு குவளைச் சாறு தேங்கியிருக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள். சோறு சூடாக இருக்கும்போதே மேலே ஊற்ற வேண்டும்.